யாரு வண்டிக்கு ஆயில் மாத்துன?

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் நடந்தால், நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடியிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ என்னும் இந்த ஊருக்குக் குடிவந்த முதல் வாரம், அப்படி ஒரு ஜோடிக் காலைப் பார்த்து, விபத்து என்று பதறி ஓடினேன். கிட்டே போனதும் கால்கள் எனக்குக் காலை வணக்கம் சொல்லின. அவை ஒரு பல் டாக்டருடைய கால்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாசலில் நீட்டியிருந்தவை தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை மார்கரெட்டுடையவை. வசதிக்குக் குறைவில்லாத ஆட்கள் ஓய்வுநாளில் மல்லாக்கப் படுத்துத் தங்கள் வண்டிக்குத் தாங்களே ஆயில் மாற்றுகிறார்கள். அதில் அவர்களுக்குப் பெருமை வேறு.

எங்கள் குடும்பத்தில் வண்டிக்கு அடியில் படுக்கும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. அவர் என் அண்ணன் முனியசாமி. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் அவருடையது. அவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றுகொண்டதால்தான் நான் இன்ஜினியரிங் வரைக்கும் போனேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவர்கள் யாரும் இல்லை. அச்சில் நிறம் பிசகி ஒதுக்கிய பட்டாசுப் பெட்டி அட்டைகளை விரித்து, அவற்றின்மேல் படுத்துத்தான் அண்ணன் வேன் வேலை பார்ப்பார். எழுந்து வரும்போது வேர்த்த முதுகில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு புஸ்வாணம் ஒட்டியிருக்கும். ஒரு லீவில், உதவுகிற நினைப்பில் ஸ்பேனரை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "இதத் தொட்டேன்னு வையி, வெரல ஒடிச்சிருவேன். போய்ப் புஸ்தகத்தத் தொடுலே." ஆகவே மெக்கானிக்கல் பட்டம் வாங்கிய எனக்கு, கல்லூரி லேபுக்கு வெளியே ஒரு நட்டைக்கூடக் கழற்றிய பழக்கம் கிடையாது.

இங்கே ஒரு பழைய கார் வாங்கியதும் முறைப்படி டீலரிடம்தான் சர்வீஸுக்கு விட்டேன். சாவியை வாங்கிக்கொண்டு, என்னை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். வைத்தியம் காருக்கு, விருந்து எனக்கு. ஊரில் சர்வீஸ் என்றால் மெக்கானிக் பக்கத்தில் குத்தவைத்து, எதைக் கழற்றுகிறார் எதை மாட்டுகிறார் என்று பார்த்து, கிளம்பும்போது கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கி வருவோம். அவநம்பிக்கை எல்லாம் இல்லை. நம்பிக்கையைக் கண்ணால் ஒருதரம் சரிபார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பழைய ஆயில் ஃபில்டரைக் கேட்டேன்.

"அதில் ஏதாவது பிரச்சினையா?" என்றாள்.

"இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்."

அவள் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வக்கீல் யாரையாவது வைத்திருக்கிறேனோ என்று சந்தேகிப்பவர்போல் மிக மரியாதையாகப் பேசினார். கடைசியில் கையுறை மாட்டிய ஒருவர் ஃபில்டரை இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டு, கொலைக்கேசுத் தடயம்போல என்னிடம் ஒப்படைத்தார். வீட்டு வாசலில் அதைப் பார்த்த மார்கரெட் சிரித்துவிட்டார். "இதை மாற்றவா அவர்களிடம் போனாய்? அடுத்த தடவை என்னிடம் கேள். காரை ஏற்றி நிறுத்தும் சாய்தளம் தருகிறேன்."

அடுத்த தடவை கேட்டேன். கார்க் கையேட்டைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் நாலு தரம் படித்தேன், அடிக்கோடு போட்டேன், பிறகே படுத்தேன். பழைய ஆயில் முழங்கை வரை வழிந்தது. புது ஆயில் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டபோது வந்த சந்தோஷம், பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை. அந்தக் குஷியில் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், காலை ஏழு மணிக்கு ஊர் முக்கில் ஆள் சேரும்வரை வேனை நிறுத்தியிருக்கும்போதுதான் அவர் பேசுவார். இங்கே அப்போது பதினொன்றரை. நான் கையை ஆட்டிப் பேசுகிறவன். அண்ணன் பேச்சைக் கவனிக்கவில்லை, நகத்தைக் கவனித்தார்.

"கையில என்னது கருப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே. ஆயில் மாத்துனேன்."

"யாரு வண்டிக்கு?"

"என் வண்டிக்குத்தான்."

அண்ணன் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். "வேல இருக்காலே உனக்கு?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.

மறுநாள் மதினி கூப்பிட்டார். "கொழுந்தனாரே, உள்ளதச் சொல்லுங்க. அங்கன ஒர்க்‌ஷாப்புல வேல பாக்கீகளா? உங்க அண்ணன் சோறு எறங்காம உக்காந்திருக்காக. வேன்ல வார பொம்பளைகள்லாம் துக்கம் விசாரிக்காளுக." எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அண்ணனைப் பொறுத்தவரை போயிருப்பது என் வேலை மட்டுமில்லை, எனக்காக அவர் விட்டுக்கொடுத்த படிப்பும்தான். பம்ப் டிசைன் செய்யும் என் ஆபீசின் அடையாள அட்டையைப் படம்பிடித்து அனுப்பினேன். பதில் குரல்பதிவாக வந்தது. "ஏலே, சிவகாசிப் பக்கத்து ஆளுகிட்டயே அட்டையக் காட்டுறியா? நூறு ஆர்டர் குடு, இதவிடப் பளபளன்னு அடிச்சித் தாரேன்."

வேறு வழியில்லாமல் அடுத்த சனிக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். முதலில் பல் டாக்டரின் கால்களைக் காட்டினேன். அண்ணன் நம்பவில்லை. அடுத்து மார்கரெட் காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார், முழங்கை வரை கருப்பாக.

"இவுக ஹெட்மிஸ்ட்ரஸ்ண்ணே."

அண்ணன் ஓட்டுநர் சீட்டிலிருந்து இறங்கி நின்றே விட்டார். "வணக்கம் டீச்சர்." பிறகு என்னிடம் தணிந்த குரலில், "பாவம், டீச்சருக்குச் சம்பளம் ஒழுங்கா வாரதில்லையோ?"

என்ன கேட்கிறார் என்றார் மார்கரெட். சுகமா என்று கேட்கிறார் என்றேன். அண்ணனுக்கு என்ன தொழில் என்று கேட்டார். சொந்தமாக வேன் ஓட்டுகிறார், அதன் வேலையெல்லாம் அவரே பார்ப்பார் என்றேன். "அப்படியானால் நீ கொடுத்துவைத்தவன். எல்லாம் அவரிடமே கற்றிருப்பாயே" என்றார் மார்கரெட். இதை மட்டும் ஒரு சொல் மாற்றாமல் அண்ணனுக்குச் சொன்னேன்.

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் கேட்டார். "ஆயில் எறக்குற ட்ரெய்ன் நட்டுக்குப் புது வாஷர் போட்டியா?"

"பழசே நல்லாத்தாண்ணே இருந்துச்சு."

"படிச்சவன் பேசுற பேச்சாலே இது? ஒருக்க நசுங்குன வாஷரு மறுக்க நசுங்காது. சொட்டு விழும். போயி உன் வண்டிக்குக் கீழ பாரு."

பார்த்தேன். என் வாசலில் நின்ற காருக்கு அடியில் காலணா அகலத்துக்கு ஒரு வட்டம். நான் நாலு தரம் படித்து அடிக்கோடு போட்ட கையேட்டில் அந்த வரியும் இருந்திருக்கிறது. அதற்கு மட்டும் கோடு போடவில்லை.

டீலரா, சொந்தக் கையா என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் ஒரு தடவை அங்கே விடுகிறேன், ஒரு தடவை நானே பார்க்கிறேன். டீலர் முறை வரும்போது சட்டையை இன் பண்ணி, கண்ணாடி அறையில் காப்பிக் கோப்பையோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்புவேன். அண்ணன் அதை வேனில் சீட்டு சீட்டாகக் காட்டுவார். என் முறை வரும்போது போனோடு வேனுக்குப் பின்பக்கம் ஒதுங்கிவிடுவார்.

போன சனிக்கிழமை என் முறை. நட்டு அசையவில்லை. "எடதுபக்கமாத் திருப்பு. தம் பிடிக்காத, மெல்ல" என்று அண்ணன் ரகசியம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வேனில் வழக்கமாக வரும் மாரியக்காவின் குரல் கேட்டது. "என்ன முனியசாமி, தம்பியா? குடு, நானும் ஒரு வார்த்த பேசிக்கிறேன்."

சட்டென்று அண்ணனின் கட்டைவிரல் கேமராவை மூடியது. திரை கருஞ்சிவப்பானது.

"இப்பப் பேச முடியாதுக்கா. தம்பி மீட்டிங்ல இருக்கான்."

காருக்கு அடியில், நெஞ்சின்மேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூடக் காட்டாமல் நான் மீட்டிங்கில் படுத்திருந்தேன்.