கொக்கியில் எத்தனை கிலோ?

ஆரணியில் ஒரு பெண்மணி நடுத்தெருவில் நின்று, "நான் பஸ்ல வர்றேன், நீங்க போங்க" என்று கணவரிடம் சொன்னால், பிரச்னை நகையா நாத்தனாரா என்றுதான் தெரு யோசிக்கும். போன வாரம் என் அக்கா வசந்தா அப்படிச் சொன்னாள்.

பிரச்னை — டிரெய்லர்.

அக்காவின் கணவர் தனசேகரன் மாமா பட்டுப்புடவை வியாபாரி. கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளருக்குக் காத்திருப்பதைவிட, கண்காட்சி கண்காட்சியாகப் போய் ஸ்டால் போடுவது மேல் என்று முடிவெடுத்தவர். அதற்காக ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் ஒரு டிரெய்லரை வாங்கினார். சின்னதுதான். நாலு பக்கமும் தகரம் அடித்து மூடிய பெட்டி, பின்னால் கதவு, அடியில் இரண்டே சக்கரம். பெங்களூரில் கேட்டரிங் தொழில் செய்தவரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ஆர்.சி. புக் எல்லாம் பக்கா. சாம்பார் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. பட்டு வாங்க வருகிறவர்களுக்குக் கூடவே பசியும் எடுக்கும், அவ்வளவுதானே?

இதில் சாமான் ஏற்ற மாமா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பட்டுதான் முன்னால் போக வேண்டும். பட்டு என்றால் லட்சுமி. லட்சுமிக்கு முன்னால் இரும்பு போகக் கூடாது. அவருடைய அப்பா சொன்னாராம். அப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் மாமா அன்று சாப்பிட மாட்டார்.

ஆக, பெட்டியின் முன்பக்கம் பூப்போல லேசான புடவைக் கட்டுகள், குங்குமப் பொட்டோடு. புடவை தொங்கவிடும் இரும்பு ஸ்டாண்டுகள் எல்லாம் பின்னால்.

அதற்கும் பின்னால், கதவை ஒட்டி? ஆரணிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிருந்து சென்னைக்குப் போகிறவர் யாரானாலும் அரிசி மூட்டை இல்லாமல் போக முடியாது. கிளம்புகிற செய்தி எப்படித்தான் பரவுமோ... "ஒரு சிப்பம் அரிசி போட்டுகினு வா" என்று பூந்தமல்லியிலிருந்து ஒரு போன், போரூரிலிருந்து ஒரு போன். சென்னையில் அரிசியே விற்பதில்லை பாருங்கள், பாவம். போகிற வழியில் முதலில் இறக்குவது அரிசி என்பதால், ஏற்றும்போது அது கடைசி. இருபத்தைந்து கிலோ மூட்டைகள் ஐந்து, கதவோரமாக.

போன மாதம் இப்படித்தான் போனார்கள். காஞ்சிபுரம் தாண்டி ஹைவேயில் ஏறி, மாமா கொஞ்சம் வேகம் பிடித்ததும் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. இடது, வலது, இடது, வலது... கூடவே ஜீப்பின் பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு. அக்கா தன் பக்கக் கண்ணாடியில் பார்த்தாளாம். ஒரு முறை முழு டிரெய்லரும் கண்ணாடியில் தெரிந்தது. அடுத்த முறை டிரெய்லரே இல்லை. இல்லாத அந்த நேரத்தில் அது பக்கத்து லேனில் ஒரு பஸ்ஸை உரசப் போயிருந்தது.

மாமா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஆட்டம் மெதுவாக அடங்கியது.

"பாத்தியா, எப்டி கன்ட்ரோல் பண்ணேன்?" என்றாராம்.

அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கத்தில் பஸ் வருகிறது.

மாமா சும்மா இருக்கவில்லை. காரணம் கண்டுபிடித்தார். முதலில் காற்று என்றார். பிறகு பஸ்காரன் என்றார். பிறகு கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் நசுக்கினார். டயரில் காற்று ஏற்றினார், இறக்கினார். கடைசியில், இந்த முறை கிளம்புகிற அன்று காலை, விஞ்ஞானத்துக்கு வந்தார்.

"பின்னாடி வெயிட்டு பத்தல. அதான் வால் மாதிரி ஆடிகினு வருது. இன்னும் ரெண்டு மூட்டை போட்டு அமுக்கிட்டா கம்முனு வரும்."

எதிர் மண்டியில் இன்னும் இரண்டு மூட்டை அரிசி வாங்கிக் கதவோரம் போட்டார். யாரும் கேட்காத அரிசி, வெறும் பாரத்துக்காக! அதைப் பார்த்துத்தான் அக்கா தெருவில் இறங்கி நின்றாள். சாயங்காலத்துக்குள் சென்னையில் ஸ்டால் போட்டாக வேண்டும். மாமா எனக்கு போன் செய்தார்.

"உங்க அக்கா ஒரே பேஜார் பண்றா. ஜல்தியா வாம்மா உஷா."

போனேன். அக்கா என்னைப் பார்த்தாள். நேராக டிரெய்லருக்குப் போய், ஜீப்பிலிருந்து கழற்றச் சொன்னாள். கழற்றியதும், ஜீப்பில் மாட்டுகிற கொக்கிப் பக்கத்தை ஒரே கையால் தூக்கிக் காட்டினாள். இடுப்பு வலி என்று வீட்டில் தண்ணீர்க் கேனைத் தொடாதவள்.

"பாத்துக்கோ. உள்ள இவ்ளோ சாமான் கீது. முன்னாடி பாரமே இல்ல. எல்லாம் பின்னாடி உக்காந்துகினு இத மேல தூக்குது."

போன மாதத்திலிருந்து தூக்கம் வராத நேரத்தில் எல்லாம் செல்போனில் வீடியோ பார்த்திருக்கிறாள். சமையல் வீடியோ என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒருவர் சொன்ன விஷயம் இதுதான்: டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடவே இருந்தாலும் நல்லது, கொக்கியில் இறங்க வேண்டும். அது குறைந்தால் பெட்டி பின்னால் ஆட்டம் போடும். ரொம்பக் கூடினால் இழுக்கிற வண்டி திணறும்.

அந்த ஆள் தன் வீட்டு பாத்ரூம் எடை மெஷினில் கொக்கியை வைத்து அளந்தாராம். அக்கா வீட்டிலும் அப்படி ஒரு மெஷின் உண்டு. கட்டிலுக்கு அடியில், பேட்டரி கழற்றிய நிலையில். உண்மை பேசுகிறவர்களை நம் வீடுகளில் அங்கேதான் வைப்போம்.

ஆனால் அரிசி ஊரில் தராசுக்கா பஞ்சம்? டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு எதிர் மண்டிக்கே போனோம். மூட்டை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் மேல் கொக்கியை இறக்கினோம். பெட்டி சமமாக நிற்க வேண்டும் என்று அக்கா கட்டையை மாற்றி மாற்றி வைத்தாள். கட்டையின் எடையைக் கழித்தோம்.

எட்டு கிலோ.

ஜரிகையை கிராம் கணக்கில் நிறுத்து வாங்கும் மாமா, தன் மனைவியை உட்காரவைத்து ஓட்டும் வண்டியில் எத்தனை பாரம் எங்கே இருக்கிறது என்று அதுவரை நிறுத்ததே இல்லை. பெட்டியின் எடை ஆர்.சி. புக்கில் இருக்கிறது, அரிசியின் எடை மூட்டை மேலேயே இருக்கிறது, பட்டின் எடை மாமாவின் நாக்கு நுனியில், ஸ்டாண்டுகளை அங்கேயே நிறுத்தோம். கூட்டினால் அறுநூற்றைம்பது கிலோ. கொக்கியில் குறைந்தது அறுபத்தைந்து கிலோவாவது இறங்கியிருக்க வேண்டும்.

"எட்டு கிலோன்னா நல்லதுதானே?" என்றார் மாமா. "ஜீப்புக்கு பாரம் கம்மி!"

மண்டிக்காரர் சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டார். அது மாமாவுக்கு ரோஷத்தைக் கிளப்பியது. கோபம் வந்த ஆண்பிள்ளை பாதியில் நிற்பாரா? ஏழு மூட்டை அரிசியையும் இழுத்துக்கொண்டு போய் முன் மூலையில், பட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினார். அரிசியும் லட்சுமிதானாம், அதனால் சட்டம் இடம் கொடுக்கும். இரும்பு மட்டும் பின்னாலேயே.

மறுபடி நிறுத்தோம். நூற்று நாற்பது!

ஜீப்பில் மாட்டிப் பார்த்தால், ஜீப் பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஹெட்லைட் போட்டால் ரோட்டில் இருப்பவர்களைவிட மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குத்தான் வெளிச்சம்.

"போதுமா? இப்ப ஏறுவியா?" என்றார் மாமா.

"பூந்தமல்லியிலயும் போரூர்லயும் அரிசிய எறக்கினப்புறம்?" என்று கேட்டாள் அக்கா. "முன்னாடி மறுபடி காலி. பின்னாடி இரும்பு. மறுபடி ஆடிகினுதானே போவோம்? இரும்ப முன்னாடி கொண்டாங்க."

"அது மட்டும் நடக்காது. எங்கப்பா காலத்துலேர்ந்து..."

"எனக்கு உயிர் மேல ஆசை கீதுங்க," என்றாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. "உங்க உயிர் மேலயும்தான்."

மாமா மண்டி வாசலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அழவில்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். அந்த ஆட்டத்தில் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிரெய்லர் கதையை அதுவரை நான் தமாஷாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா இரும்பைத் தொட மாட்டார், அக்கா ஜீப்பில் ஏற மாட்டாள், இவர் பிடிவாதமாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார்... அதற்குத்தான் அக்கா இன்னும் அதிகமாகப் பயந்தாள்.

பிறகு அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேறு வழியில் வந்தாள்.

"லட்சுமிக்கு முன்னாடி இரும்பு போகக் கூடாது. அவ்ளோதானே மாமனார் சொன்னது?"

"ஆமா."

"அடியில போலாமில்ல? நம்ம பூஜை ரூம்ல லட்சுமி படம் எதுமேல கீது? இரும்பு ஸ்டாண்டு மேலதானே? ஸ்டாண்டுங்கள தரையில படுக்க வெச்சி, அதுமேல பட்ட உக்கார வெப்போம். லட்சுமிய எத்தினி நாள் தரையிலயே இட்டுகினு போவீங்க?"

மாமா யோசித்தார். அப்பாவின் பேச்சையும் மீறவில்லை, லட்சுமிக்கு ஆசனமும் ஆயிற்று. "இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று எழுந்தார். தப்பு இப்போது அக்கா பெயரில் பதிவாகிவிட்டது. மாமாவுக்கு நிம்மதி.

ஸ்டாண்டுகள் முன்பாதித் தரையில் படுத்தன. அதன் மேல் பட்டு. உறவினர்களின் ஐந்து மூட்டை சரியாகச் சக்கரத்துக்கு நேர் மேலே. அங்கே இருந்தால் வழியில் இறக்கினாலும் கொக்கியின் பாரம் பெரிதாக மாறாது. எதுவும் நகராதபடி கயிறு போட்டு இறுக்கினோம். அந்த இரண்டு விஞ்ஞான மூட்டைகளும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் உத்தேசம் இல்லை.

மறுபடி தராசு. இரண்டு முறை ஸ்டாண்டுகளை ஒரு சாண் பின்னால் நகர்த்தியபின், எழுபது கிலோவில் நின்றது. ஜீப் மூக்கை இறக்கிக்கொண்டு நேராக நின்றது. அக்கா ஏறினாள். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

வாசகர்களே, எனக்கு ஒன்று தோன்றியது. பின்னால் வருவது ஆடினால், பின்னால் வருவதைத் திட்டி, இன்னும் பாரம் போட்டு அமுக்குவதுதான் நம் வழக்கம். வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி. முன்னால் இழுக்கிறவர் தன் தோளில் எவ்வளவு தாங்குகிறார் என்று யாராவது நிறுத்துப் பார்க்கிறோமா? எட்டு கிலோ தாங்குகிறவர்கள்தான் கன்ட்ரோல் பற்றி அதிகம் பேசுகிறார்கள்.

மத்தியானம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிட பயம். மூன்று மணிவாக்கில் மாமா கூப்பிட்டார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி டீ குடிக்க ஓரம் கட்டியிருந்தார்களாம்.

"கொஞ்சம்கூட ஆடல உஷா! எண்பதுல வந்தேன். டிரைவிங்னா இப்டி இருக்கணும்!"

"சரிங்க மாமா, அக்காகிட்ட போனைக் குடுங்க."

"எங்க குடுக்கறது? காஞ்சிபுரத்துலேர்ந்து தூங்கிகினு வர்றா. நான் எப்டி ஓட்டறேன்னு பாக்கவே இல்ல!"