பஞ்சாமிர்தத்தைத் தடுத்தேன்

இன்று காலை திருத்தணியில் நான் ஏறிய சென்னை ரயிலில், எதிர் சீட்டில் பொதட்டூர்பேட்டைப் பெண் ஒருத்தி புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கேன்சராம். பெட் ஸ்கேன் எடுக்கப் போகிறார்களாம்.

வண்டி கிளம்பியதும் மலைக்கோயில் பஞ்சாமிர்தத்தை அவர் வாய்க்கு நீட்டினாள். சட்டென்று அவள் கையைப் பிடித்தேன்.

"சாமி பிரசாதம்க்கா. ஒரு வாய்தானே, என்னா ஆயிடும்?"

"சி.டி.ல கட்டி எங்க இருக்குது, எவ்ளோ பெரிசுன்னு பாப்பாங்க. எம்.ஆர்.ஐ.க்கு வெள்ளி அரைஞாணைக்கூட கழட்டச் சொல்லுவாங்க. இந்த பெட் ஸ்கேன் வேற. சக்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில ஏத்துவாங்க. நோய் அதைத் தின்னுட்டு படத்துல பளிச்சுனு தெரியும். இனிப்பு உள்ள போச்சுன்னா படம் சரியா வராது, திருப்பி அனுப்பிடுவாங்க. பச்சத்தண்ணி மட்டும் குடு."

"நான் சொன்னா எங்க கேக்கறா?" என்றார் அவர்.

அவள் டப்பாவை மூடினாள். "உனக்கு எப்படிக்கா இவ்ளோ தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு மூணும் எடுத்தோம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. அவள் புருஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்காரு" என்றேன்.

ஸ்கேனைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நிஜம். இந்த ஒரு பொய்க்காகத் திட்ட நினைப்பவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். இதை போனில் வாயால் சொல்லித்தான் ஏற்றினேன்; நீங்கள் எழுதுவதை எழுத்துக்கூட்டியாவது படித்துக்கொள்கிறேன்.