மூன்று பள்ளிக்கூடங்களுக்கு மார்க் போடப் போன பம்பாய்ப் பயணம்

யுத்தம் முடிந்து ரேஷன் மட்டும் முடியாமல் இருந்த போன தை மாதத்தில் பம்பாய் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. திருச்சியில் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பெண்கள் பள்ளியின் நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. எல்லா டீச்சர்களுக்கும் ஒரே மாதிரி சம்பள உயர்வு தருவானேன், யாருடைய வகுப்பு நன்றாகத் தேறுகிறதோ அவருக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்பது யோசனை. பம்பாயில் ஒரு தமிழ்த் தர்ம சபை தன்னுடைய மூன்று ஆரம்பப் பள்ளிகளை இப்படித்தான், அதுவும் இயந்திரத்தை வைத்து, அளக்கிறது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் ஹிந்தி தெரியும். வீட்டில் என்னை எதிர்பார்க்கிறவர்கள் யாருமில்லை. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு மாறி பம்பாய் மெயிலில் ஏற வேண்டும். எண்ணூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. மூன்றாம் வகுப்பில் பெண்கள் பெட்டி தனியாக இருக்கிறது. குழந்தைகளின் அழுகையைப் பொறுத்துக்கொண்டால் அதுவே பத்திரம். குண்டக்கல்லுக்குப் பிறகு நம் சாதம் கிடைக்காது. எலுமிச்சம்பழச் சாதமும் ஒரு கூஜா தண்ணீரும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா டெர்மினஸ் வரை போகாமல் தாதரிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு டிராம் இருக்கிறது, ஆனால் மூட்டையோடு ஏற விடமாட்டார்கள். நான் குதிரை வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார். நான் பத்தணா என்றேன். "பாரா ஆனா, பாயீ. மதராசி லோக் சப் ஐசா ஹீ போல்தா ஹை" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கி வைத்தார். பன்னிரண்டணா; மதராசிகள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களாம்.

மாட்டுங்காவில் சபையின் காரியதரிசி பரமேசுவரய்யர் வீட்டில் தங்கினேன். பாலக்காட்டுக்காரர். கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் துளை அட்டை இயந்திரப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். தங்குகிறவர்கள் தற்காலிக ரேஷன் அட்டை எடுக்க வேண்டும் என்பதால் வந்த அன்றே, ஒரு சனிக்கிழமை, ரேஷன் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலில் இருந்த குமாஸ்தா என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாளைக்கு மறுநாள் வரச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற மாட்டுங்கா மாமி காரணம் சொன்னார்: "வாரத்துக்கு எத்தனை அட்டை கொடுத்தான்னு இன்னிக்குத்தான் மேலே கணக்கு அனுப்பறான். வெளியூர்க் கேஸ் எடுத்தா நாழியாகும், எண்ணிக்கை குறைஞ்சுடும். திங்கட்கிழமை காலம்பற வாங்கோ, சட்டுனு முடிஞ்சுடும்." திங்கட்கிழமை அப்படியே முடிந்தது. நான் அளக்கும் முறையைப் படிக்க வந்தவள் என்பதால் இதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

பரமேசுவரய்யரின் திட்டம் இதுதான். மூன்று பள்ளிகளிலும் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கெட்டி அட்டை. பள்ளி, வகுப்பு, மார்க்குகள் எல்லாம் அதில் துளைகளாக விழுந்திருக்கும். ஆபீஸ் முடிந்த பிறகு மேனேஜர் அனுமதியோடு அட்டைகளை இயந்திரத்தில் விடுவார். அது துளைகளைப் பார்த்து வெவ்வேறு தட்டுகளில் பிரித்துப் போடும். எந்தப் பள்ளியில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று அரை மணிக்குள் தெரிந்துவிடும்.

"கேட்டேளா டீச்சர், இதுல பட்சபாதம் கிடையாதாக்கும்" என்றார். "மெஷினுக்கு மாட்டுங்காவும் தெரியாது, தாராவியும் தெரியாது."

அந்த வருஷத்துப் பட்டியலில் மாட்டுங்கா முதல், செம்பூர் இரண்டாவது, தாராவி கடைசி. சபைத் தலைவர் ஒரு ஜவுளி வியாபாரி. நன்கொடை குறைந்துவிட்டதால், கடைசியாக வரும் பள்ளியை மூடிவிட்டு அதற்கான சம்பளத்தை மிச்சப்படுத்துவது என்று அவர் தீர்மானித்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அது நிறைவேற வேண்டும்.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். ரயில் பாதையைத் தாண்டினால் ஒரு மைல்கூட இருக்காது. தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை முதல் நாள் தலைவலி தரும், இரண்டாம் நாள் பழகிவிடும். பள்ளி ஒரு தகரக் கூரையின் கீழ் இருந்தது. சுடலைமுத்து வாத்தியார் திருநெல்வேலிப் பக்கம். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

"வாங்க டீச்சரம்மா. கடேசிப் பள்ளிக்கூடத்தப் பாக்க வந்தியளா?" என்றார்.

ஒரு பெண்ணை எழுப்பிப் படிக்கச் சொன்னேன். தோல் கொட்டகையில் வேலை செய்பவரின் மகள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு பக்கத்தை முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். ஆனால் முடித்தாள். பரீட்சைக்கு வைக்கும் புத்தகம் இதைவிடக் கடினம். அதில் அவள் தவறியிருந்தாள்.

"போன தையில இந்தப் பிள்ளைக்கு ஆனா ஆவன்னா தெரியாது" என்றார் வாத்தியார். "இப்ப படிக்கா. ஆனா பெயில்தான. பெயில்னா பெயில்தான்." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கு வேற வேல கெடைச்சிரும். இதுக எங்க போகும்?" என்றார்.

மறுநாள் செம்பூர். மாட்டுங்கா ஸ்டேஷனில் ஏறி, குர்லாவில் மான்குர்ட் வண்டிக்கு மாற வேண்டும். மணிக்கு ஒரு வண்டி என்பார்கள், நம்ப வேண்டாம். செம்பூர் பாதி தோட்ட வீடுகள், பாதி ராணுவம் விட்டுப்போன கொட்டகைகள். பள்ளி ஒரே ஓர் அறை. கோமதி டீச்சர் பம்பாயிலேயே பிறந்த பெண், இருபத்தைந்து வயதிருக்கும். அந்த அறையில் மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்திருந்தாள். ஒரு வரிசைக்குப் பாடம் நடத்தும்போது மற்ற இரண்டு வரிசைகளும் பலகையில் எழுதினதையே அழித்து அழித்து எழுதின. பெரும்பாலும் குமாஸ்தாக்களின் பிள்ளைகள். வீட்டிலேயே படிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். படிக்கச் சொன்னால் சரளமாகப் படித்தார்கள்.

"என்ன டீச்சர், பாத்தது பஸ்ஸா, போதுமா? சாயா குடிங்க" என்று கோமதி பக்கத்து இரானி டீக்கடையிலிருந்து வரவழைத்தாள். தன் டப்பாவிலிருந்த பாதிச் சாப்பாட்டை எனக்கு வைத்தாள். இரண்டாவது இடம் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். அம்மாவிடம் சொன்னாளாம்.

அன்று மாலை பரமேசுவரய்யரோடு அவர் ஆபீசுக்குப் போனேன். இயந்திரத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, போன வருஷத்து மார்க்குக்கும் தனியாகத் துளை இருப்பது தெரிந்தது.

"இதை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அது சும்மா. ஒரு வழக்கத்துக்குப் போட்டு வெக்கறது."

ஒரு பிள்ளை போன வருஷம் எங்கே இருந்தது, இந்த வருஷம் எங்கே வந்திருக்கிறது என்று பார்க்கலாமே என்றேன். அவர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அட்டைகளைத் திரும்பத் திரும்பப் பிரித்தோம். வித்தியாசங்களை நான் கையால் கூட்டினேன். வேலை முடிந்தபோது தாராவி முதலில் இருந்தது, வெகு தூரம் முன்னால். மாட்டுங்கா இரண்டாவது. செம்பூர் கடைசி. அங்கே பிள்ளைகள் வந்த இடத்திலேயே நின்றிருந்தார்கள்.

தாராவிக்காகத்தான் அந்தத் துளையைப் பற்றிக் கேட்டேன். கோமதியை நான் நினைக்கவில்லை. கணக்கைச் சரிபார்த்தேன். சரியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மாட்டுங்காப் பள்ளியில் நடந்தது. பரமேசுவரய்யர் இரண்டு பட்டியல்களையும் வாசித்தார். தாராவி முதல் என்று கேட்டதும் சுடலைமுத்து வாத்தியார் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்து செம்பூர் கடைசி என்று வந்தது. அவர் கோமதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

"சரி ஓய், புதுசுதான் நியாயமான லிஸ்டுன்னா அதுலயே கையெழுத்துப் போடும்" என்றார் தலைவர். "செம்பூரை மூடிடலாம். ஒண்ணு மூடணும், அவ்வளவுதான்."

பரமேசுவரய்யர் பேனாவைத் திறக்கவில்லை. "ரெண்டும் அதே மெஷின்ல வந்ததாக்கும். ரெண்டுலயும் தப்பில்லை. எதைக் கேட்டேனோ அதுக்குப் பதில் சொல்லித்து. எதை மூடணும்னு நான் அதுகிட்ட கேக்கவே இல்லை. என்னால எதுலயும் கையெழுத்துப் போட முடியாது."

தலைவருக்குக் கோபம் வந்தது. இத்தனை அட்டைக்கும் செலவழித்தது எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது கோமதி எழுந்தாள்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். ஒரு கிளாசுக்கு நான் பாடம் எடுத்தா ரெண்டு கிளாஸ் காலி உக்காந்திருக்கு. என்னோட பிள்ளைங்க முன்னால போகல. எனக்கே தெரியும். ரெண்டு வருசமா இன்னொரு டீச்சர் கேக்கிறேன். போன லிஸ்டுல செகண்ட் வந்திட்டியே, உனக்கு எதுக்குன்னு சொன்னீங்க. இப்ப கடைசின்னு வந்திருக்கு. இப்பவாச்சும் குடுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். சுடலைமுத்து வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "இருக்க வாத்திமாரு போதும் சார். இருக்க எடத்தத்தான் மாத்தணும்" என்றார்.

வாக்குவாதம் மத்தியானச் சாப்பாடு வரை நீண்டது. முடிவில் எதையும் ஒரு வருஷத்துக்கு மூடுவதில்லை என்றும், மாட்டுங்காவின் இரண்டாவது வாத்தியார் வாரத்தில் மூன்று நாள் செம்பூர் போவது என்றும் ஆயிற்று. அந்த வாத்தியாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. குர்லாவில் வண்டி மாறுவதைப் பற்றி என்னிடமே வந்து குறைபட்டுக்கொண்டார். தலைவருக்கும் திருப்தியில்லை, மிச்சம் ஒரு காசுகூட இல்லை.

நான் ஊர் திரும்பும் நாள் காலையில் செம்பூருக்கு இன்னொரு தடவை போனேன். வரமாட்டார் என்று நினைத்த அந்த வாத்தியார் வந்திருந்தார், கரிப்புகை படிந்த சட்டையோடு. அறையின் குறுக்கே ஒரு பழைய ராணுவக் கூடாரத் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கோமதி ஒரு பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், பாடத்தை நிறுத்தவில்லை.

திருச்சியில் என் நிர்வாகிகள் நான் எழுதியதைப் பொறுமையாகப் படித்தார்கள். பிறகு தலைமை நிர்வாகி கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும், யார் முதல்னு எதை வெச்சு முடிவு பண்றது?" யாருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அந்த முறை பயன்படும், யாருக்குச் சம்பளம் கூட்டுவது என்பதற்கு அல்ல என்றேன். யோசிப்பதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பம்பாய் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாட்டுங்காவில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மெஸ்ஸில் எட்டணாவுக்கு வயிறு நிறையும், அரிசி மட்டும் அளவோடுதான். பள்ளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஆபீசில் கொடுக்கும் பட்டியலை முதலில் வாங்காதீர்கள். நேரே பள்ளிக்குப் போய் ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், பட்டியலைப் பிறகு பார்க்கலாம். செம்பூருக்குப் போவதானால் காலை வண்டியே நல்லது. கூட்டம் முழுக்கக் கோட்டைப் பக்கம் போகும், உங்கள் பெட்டி காலியாக இருக்கும். ஸ்டேஷனிலிருந்து கால் மைல். யாரையும் வழி கேட்க வேண்டாம், தெருமுனையிலேயே இரண்டு வகுப்புகளின் சத்தமும் சேர்ந்து கேட்கும்.