வந்த தேதி, வாசித்த தேதி

நான் மருத்துவம் படித்து முடித்தபோது காசநோய்க்கு மருந்து கிடையாது. மருத்துவர் பதிவேட்டில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், அதன்பின் என்ன படித்தாய் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. படிப்பு விட்டுப்போகக் கூடாதென்று சென்னையிலிருந்து ஒரு மருத்துவ மாத இதழை நானே வரவழைத்தேன். தபாலில் வந்த அன்றே உறையின்மேல் சிவப்பு மையால் தேதி எழுதி, நாகர்கோவிலில் என் வைத்தியசாலை அலமாரியில் வரிசையாக அடுக்குவேன். ஒரு மாதம் வராவிட்டால் கடிதம் போட்டுக் கேட்டு வாங்குவேன். உறையைப் பிரிப்பதுதான் தள்ளித் தள்ளிப் போகும்.

1952 ஜனவரிக் கடைசி, கொல்லம் ஆண்டு 1127 தை மாதம், கடியப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கடற்கரையில் மீனை ஏலத்தில் எடுத்து ஊர் ஊராய் விற்பவள். இருமினால் ரத்தம் வந்தது, காசநோய்தான். கடலுக்குத் தொலைவான வடசேரியில் அவள் அக்காள் வீட்டில் தங்கவைத்து, தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டேன். அந்த மருந்தைப் பற்றி மருந்துப் புட்டியோடு வந்த துண்டுக் காகிதம் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

மாசி பாதியில் ரத்தம் நின்றது. முகம் தெளிந்தது. ஒரு நாள் ஊசி போட்டபின் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"காதுக்குள்ள கடலு எரையுது டாக்டரே. வடசேரியில வந்து கெடந்தும் விடமாட்டேங்கு."

"ஒனக்கு ஊரு நெனப்பு, மக்கா. சீக்கிரம் அனுப்பிருவேன்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறந்தது முதல் கடல் இரைச்சலில் வாழ்ந்தவள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு இயல்பாகவே பட்டது. மேலும் ஒன்பது ஊசிகள் போட்டேன்.

பத்தாம் நாள் கம்பவுண்டர் மூன்று முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. அன்று ஊசி போடவில்லை. மதியம் சாப்பிடப் போகாமல் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு உறையாகக் கிழித்தேன். டிசம்பர் பதினொன்று என்று என் கையால் எழுதிய உறைக்குள் அது இருந்தது. இந்த ஊசி சிலருக்குச் செவியைக் கெடுக்கும், காதில் இரைச்சல் முதல் அடையாளம், உடனே நிறுத்த வேண்டும். அவள் என்னிடம் வருவதற்கு ஒன்றரை மாதம் முன்பே வந்த இதழ்.

வலது செவி முழுக்கப் போயிருந்தது. இடதில் பாதி மிச்சம். மறுநாள் அவளிடம் சொன்னேன். அவளுக்குக் கேட்க வேண்டுமென்று சத்தமாகச் சொன்னதில், வெளியே பெஞ்சில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

"இந்த ஊசி காதக் கெடுக்கும்ன்னு எழுதின பொஸ்தகம் எங்கிட்ட முன்னாடியே வந்து கெடந்தது. நான் வாசிக்கல்ல."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"கரையில ஏலம் விளிக்கது கேக்குமா?"

இடது காது ஏலக்காரன் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றால் கேட்கும் என்றேன். மீதி வைத்தியம் மாத்திரையும் ஓய்வுமாக முடிந்தது. ஆவணியில் அவள் மறுபடி கூடை சுமந்தாள். அப்படித்தான் திரும்பி நிற்கிறாளென்று அக்காள் சொன்னாள்.

அதற்குப்பின் உறைகளில் இரண்டு தேதிகள் எழுதினேன், வந்தது ஒன்று, வாசித்தது ஒன்று. நெஞ்சைப் பரிசோதிக்க மாதம் ஒருமுறை வருவாள். காது கேளாதவர்களின் உரத்த குரலில், பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி வாசலிலேயே கேட்பாள்:

"இந்த மாசப் பொஸ்தகம் வாசிச்சாச்சா டாக்டரே?"

நான் உறையை எடுத்து இரண்டாவது தேதியைக் காட்டுவேன். அவளுக்கு எழுத்து தெரியாது. சிவப்பு மையில் இரண்டு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.