சிலிண்டரின் கழுத்தில் ஒரு சாவி

பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் அந்தச் சாய்வு நாற்காலிமேல்தான் விழும். அதைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு நாக்கு வறண்டுவிடும். என் கண் மட்டும் மூலையில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரின் கழுத்துக்குப் போகும். அதைத் திறக்கிற சாவி அங்கேயே தொங்குகிறதா என்று பார்க்கும். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சின்ன இரும்புத் துண்டு அது. ஒரு முனையில் சதுரமாக ஓர் ஓட்டை இருக்கும், அவ்வளவுதான். அதை வால்வின் தலையில் மாட்டித் திருப்பினால்தான் ஆக்சிஜன் வரும். சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் அந்தச் சாவி சிவப்புக் கயிற்றில் தொங்குகிறது. போன மாதம் அதை மறுபடி பார்த்தேன். பார்த்ததும் சில வருடங்களுக்கு முந்தைய அந்த நாள் முழுசாக என் முன்னால் வந்து நின்றது.

நான் அரசாங்கப் பல் மருத்துவர். தனியார் கிளினிக்குகளுக்குப் பதிவு கொடுப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் முன்னால் நேரில் போய்ப் பார்க்கும் வேலையில் என்னைச் சில காலம் போட்டிருந்தார்கள். மஞ்சக்குப்பம் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோப்புகளோடு ஜீப்பில் ஏறினால் கடலூர், சிதம்பரம் என்று பொழுது போய்விடும். தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போவோம். தேதி சொன்ன மறுநாளே அந்த கிளினிக் கல்யாண வீடாகிவிடும். பெயிண்ட் அடிப்பார்கள், புதுத் திரைச்சீலை மாட்டுவார்கள், குப்பைத் தொட்டிகளை மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வாங்கி வரிசையாக வைப்பார்கள். அவசரத்தில் தொட்டியின் விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிடுவார்கள். இதெல்லாம் என் கண்ணில் படாமல் போகாது. என்னை ஏமாற்றுவது கஷ்டம், இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். எக்ஸ்ரே எடுக்கும்போது போட்டுக்கொள்கிற ஈய அங்கி ஒன்றை மூன்று கிளினிக்குகளில் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் அதே ஓரத்தில் அதே காபிக் கறை இருந்தது. ஆய்வுக்கு ஆய்வு ஒருவருக்கொருவர் சாமான் கொடுத்து உதவிக்கொள்வது எங்கள் பக்கத்து டாக்டர்களிடம் ஒரு வழக்கமாகவே இருந்தது. விசேஷ வீட்டுக்கு அண்டா கொடுப்பதுபோல் அதை நினைத்தார்கள்.

டாக்டரம்மாவின் கிளினிக் அண்ணாமலை நகர் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. புவனகிரிப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் சொந்தமாக நிற்க வேண்டும் என்று வந்திருந்தாள். அன்றைக்கு நான் சரி என்று எழுதினால் கிளினிக் நடக்கும், இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டும். அது தெரிந்தும் அவள் என்னிடம் குழையவில்லை. நான் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னாள். கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரத்தைத் திறந்து காட்டினாள், கழிவு எடுத்துப் போகிறவர்களின் ரசீதை நீட்டினாள், கையுறையை எப்படிக் கழற்ற வேண்டும் என்று எனக்கே செய்து காட்டினாள். கொஞ்சம் திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

பிடிக்காதது இரண்டு விஷயங்கள். ஒன்று, வெளியே காத்திருந்த கூட்டம். திறந்து சில வாரமே ஆன கிளினிக்கில் எட்டுப் பேர் உட்கார்ந்து கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பல் வலிக்காரர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். இன்னொன்று, நாற்காலியில் படுத்திருந்த நோயாளி. ஐம்பது வயதிருக்கும், கன்னத்துக்குள் பஞ்சு. நான் டாக்டரம்மாவிடம் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் அவர் தலையைத் திருப்பிக் கவனித்தார். அவள் சரியாகச் சொன்னால் கட்டை விரலை லேசாக உயர்த்தினார். "கையில ஊசி குத்திக்கிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பஞ்சுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "மொதல்ல சோப்பு போட்டுக் கழுவணும் மேடம்."

"உங்கள யாரும் கேக்கல சார். நீங்க வாயத் தொறந்து வச்சிக்கிட்டுப் படுங்க" என்றேன். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

கடைசியாக அவசர சிகிச்சைச் சாமான்கள். மருந்துத் தட்டில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், துடைத்துப் பளபளவென்று நின்றது. "தொறந்து காட்டுங்க" என்றேன். அவள் கை சிலிண்டரின் கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. மேல் டிராயரைத் திறந்தாள், மூடினாள். கீழ் டிராயரைத் திறந்தாள். பிறகு நிமிர்ந்து, நோயாளியைப் பார்த்தாள். நோயாளி சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். பேன்ட் பையில் கையை விட்டுத் துழாவினார். அவர் முகம் தொங்கிப்போனது.

"அங்கயே ஆணியில தொங்குதும்மா" என்றார் அவளிடம்.

"எங்க?" என்று கேட்டேன்.

"செம்மண்டலத்துல, மேடம்."

அவர் அவளுடைய அக்கா கணவர். கடலூர் செம்மண்டலத்தில் பல வருடமாக கிளினிக் வைத்திருப்பவர், மறு வாரம் நான் போய்ப் பார்க்க வேண்டிய டாக்டர். விடியற்காலையில் தன் சிலிண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கூடவே கிளினிக் காலியாகத் தெரியக் கூடாதென்று தானே நோயாளியாகவும் படுத்துவிட்டார். சாவியை மட்டும் மறந்துவிட்டார். இங்கே சாவி இல்லாத சிலிண்டர் நின்றது, அங்கே சிலிண்டர் இல்லாத சாவி தொங்கியது. அந்த நேரத்தில் செம்மண்டலத்தில் அவருடைய உதவி டாக்டர் யாருக்காவது பல் பிடுங்கிக்கொண்டிருந்தால், அங்கேயும் அவசரத்துக்கு ஒன்றும் கிடையாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிடக் கோபமும் வந்தது. நேராக வெளியே போய், "இங்க யாருக்கு நெஜமாவே பல்லு வலி?" என்று கேட்டேன். சத்தம் சட்டென்று அடங்கியது. அத்தைகளும் சித்தப்பாக்களும் செல்போனைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரே ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற பெண் அவள். துப்பட்டாவால் வீங்கிய கன்னத்தை மூடிக்கொண்டு, காலையிலிருந்து அந்தச் சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். மாமா நாற்காலியிலிருந்து கழுத்துத் துணியை உருவிக்கொண்டு அவசரமாக இறங்கினார். டாக்டரம்மா அந்தப் பெண்ணைப் படுக்க வைத்துப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, அன்றைக்கே எடுத்துவிட வேண்டிய நிலை. மருந்தை ஏற்றித் தட்டில் வைத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி ஊசி போட்டு ஏதாவது ஆயிருக்கா?"

"போன தடவ மயக்கம் போட்டு வுழுந்துட்டேன் மேடம். எனக்கு வீசிங்கும் இருக்கு, ஜாஸ்தியா வரும்."

டாக்டரம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு சிலிண்டரைப் பார்த்தாள். மாமா அவள் பக்கமாகக் குனிந்து, எனக்குக் கேட்காது என்ற நினைப்பில் சொன்னார். "மேடம் எதிர்லயே திருப்பி அனுப்பிடாத. வெறும் மயக்கந்தான், காலத் தூக்கிப் புடிச்சா சரியாப் போயிடும். நான் இருக்கேன்ல?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் சரியாகிவிடும். என் முன்னால் துணிந்து ஊசியைப் போட்டுப் பல்லை எடுத்துக் காட்டியிருந்தால் கைத்திறமையையாவது நான் மெச்சியிருப்பேன் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். நான் பேனாவை மூடி வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஊசியைத் தட்டிலிருந்து எடுத்தால் தடுக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

"நீங்க இருக்கீங்க மாமா. சாவி இல்லியே" என்றாள் அவள். தட்டைத் தள்ளி வைத்தாள். "பயப்படாதம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அங்க எல்லாம் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க எழுதறத எழுதுங்க. நான் போயிட்டு வந்துடறேன்."

அந்தப் பெண்ணை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஆய்வுக்கு வந்த அதிகாரியை உட்கார வைத்துவிட்டு யாரும் அதுவரை போனதில்லை. காபி கொண்டுவந்து கொடுப்பார்கள், கதவுவரை கூட வருவார்கள், ஜீப்பின் கதவைத் திறந்து விடுவார்கள். இவள் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு அது அவமானமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ கிளினிக்குகளில் எத்தனையோ பேர் எனக்காக நல்லவர்களாக இருந்து காட்டியிருக்கிறார்கள். இவள் என்னை மறந்துவிட்டு நல்லவளாக இருந்தாள்.

மாமா என் எதிரில் வந்து நின்றார். "எல்லாருந்தான் மேடம் இப்பிடிச் செய்றாங்க. அவ கேக்கக்கூட இல்ல, நான்தான் வற்புறுத்திக் கொண்டாந்தேன். எங்க கொழுந்தியா கெட்டவ இல்ல மேடம். எழுதறதா இருந்தா என்னை எழுதுங்க."

"உங்களையும் எழுதத்தான் போறேன் சார். அடுத்த வாரம்."

அவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். பாவமாகத்தான் இருந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த மச்சினிக்கு ஒரு கை கொடுக்க வந்து, கழுத்தறுத்துவிட்டோமே என்ற தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. வெளியே உட்கார்ந்திருந்த சொந்தங்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.

நான் அங்கேயே காத்திருந்தேன். டாக்டரம்மா வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பல்லை எடுத்துவிட்டார்கள், அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள் என்றாள். நான் சந்தோஷம் என்றேன். பிறகு, பதிவுக்கு இப்போது பரிந்துரை செய்ய முடியாது, குறையைச் சரிசெய்து மறு ஆய்வு முடியும்வரை கிளினிக்கை நடத்தக் கூடாது என்றும் சொன்னேன். நல்ல மனசு இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் என் படிவத்தில் இல்லை. அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தாலும் நான் இதைத்தான் எழுதியிருப்பேன். மூச்சு முட்டுகிறவளுக்கு நல்ல மனசு போதாது, ஆக்சிஜன் வேண்டும். அவளுக்குக் கண் கலங்கியது. கீழே குனிந்து துடைத்துக்கொண்டாள்.

"மறுபடி எப்ப வருவீங்க மேடம்?"

"எல்லாம் சரியாயிடுச்சின்னு நீங்க எழுதிக் குடுத்ததும்."

"அப்ப சீக்கிரமே வந்துடுவீங்க" என்றாள். அந்தக் கலங்கிய கண்ணோடும் திமிர் போகவில்லை.

மறுபடி நான் போனபோது காத்திருக்கும் இடத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். இருவர் முகத்திலும் வலி எழுதி ஒட்டியிருந்தது. மூலையில் அவளுடைய சொந்த சிலிண்டர் நின்றது. அதன் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் சாவி தொங்கியது. கயிறு வால்வுவரை எட்டும், அதற்கு மேல் நகராது. "கத்தரி போட்டாத்தான் மேடம் வெளிய வரும். யாரு வந்து கேட்டாலும் குடுக்க முடியாது, மாமாவே கேட்டாலும்" என்றாள். நான் சொல்வதற்கு முன்பே திறந்து காட்டினாள். உஸ்ஸென்று வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். செம்மண்டலத்து மாமாவும் என்னிடம் ஒரு சுற்று வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு சரியானார். பேங்கில் பேனாவைக் கட்டி வைத்திருப்பது மாதிரி அவர் சாவிக்குச் சங்கிலியே போட்டுவிட்டார்.

இப்போது நான் ஆய்வுப் பணியில் இல்லை. ஆஸ்பத்திரி வேலைக்கே திரும்பிவிட்டேன். போன மாதம் என் கடைவாய்ப் பல் ஒன்று வேலையைக் காட்டியது. பல் டாக்டருக்குப் பல் வலி என்றால் வீட்டில் எல்லாருக்கும் கொண்டாட்டம். அடுத்தவர் வாயில் ஆயிரம் ஊசி போட்டிருந்தாலும் என் வாயில் ஒன்று என்றால் எனக்குப் பயம். இரண்டு வருடமாக இதயத்துக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறேன். கடலூரில் எனக்குத் தெரியாத பல் டாக்டர் கிடையாது, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார்கள். அவர்களில் பலருக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "இத்தன பேர வுட்டுட்டு பஸ் ஏறி சிதம்பரம் போறியா?" என்று கணவர் கேட்டார். கையெழுத்துப் போட்டது நான் பார்த்த ஒரு நாளுக்கு. நான் பார்க்காத நாளிலும் ஒருத்தி எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். பஸ் ஏறினேன்.

ஜெராக்ஸ் கடை இன்னும் இருக்கிறது. மாடியில் பெயிண்ட் மங்கியிருந்தது, திரைச்சீலை வெளுத்திருந்தது. டாக்டரம்மாவின் நெற்றியோரம் ஒன்றிரண்டு நரை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றவள், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் சாய்வு நாற்காலியைக் காட்டினாள். பிறகு மற்றவர்களைக் கேட்பதுபோலவே என்னையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன மாத்திரை, முன்னால் மயக்கம் வந்திருக்கிறதா, சாப்பிட்டாயிற்றா. ரத்த அழுத்தம் பார்த்தாள், என் இதய டாக்டரிடம் போனில் பேசினாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. தட்டில் ஊசி வைக்கும் சத்தம் கேட்டது. என் கை தானாக நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியது. நான் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தேன். சிவப்புக் கயிறு சாயம் போய் ரோஸ் நிறமாகியிருந்தது. முடிச்சு அதே முடிச்சு.

அவள் என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், சாவியை மாட்டி லேசாகத் திருப்பினாள். உஸ்ஸென்று வந்தது.

"கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சும்மா."

"அப்ப வாயத் தொறங்க" என்றாள்.

திறந்தேன்.