ஐ.சி.யை வைத்து ஆடிய ஆட்டம்

புதிய சண்டை கேம் வெள்ளவத்தைக்கு வருகிறது என்ற கதை கிளம்பிய கிழமையே, கொழும்பின் மற்ற அந்தத்தில், கொட்டாஞ்சேனையில் ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. கேம் பெட்டி இன்னும் வந்து இறங்கவில்லை. ஒருவரும் அதைக் கண்ணால் காணவும் இல்லை. புறக்கோட்டையில் பழைய புத்தகம் விற்பவனிடம் கிடந்த ஜப்பான் சஞ்சிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கம் கைமாறி வந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் முகத்துக்கு முகம் நின்றார்கள். ஒருவன் எங்கள் ஆள். மற்றவன் வெள்ளவத்தை ஆள்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் போகும் கடையில் ஒரு கொம்பனியின் சண்டை கேம் இருந்தது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த கடையில் இன்னொரு கொம்பனியின் கேம். திரையில் வரும் ஜப்பான் எழுத்து எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். எங்கள் ஆள் முழங்கையால் அடிப்பான், அவன் பெயர் முழங்கை. அவர்களுடையவனுக்குக் கால் நீளம், அவன் நீட்டுக்கால். முழங்கையும் நீட்டுக்காலும் மோதினால் யார் வெல்வார்கள் என்று வருஷக்கணக்காகச் சண்டை. இரண்டு பேரும் இரண்டு பெட்டிக்குள் இருந்தபடியால் அதற்கு முடிவே இல்லை. இப்போது இரண்டு கொம்பனியும் சேர்ந்து இரண்டு பேரையும் ஒரே பெட்டிக்குள் விட்டுவிட்டன. மூக்கு உடைந்தவன், நீட்டுக்கால்தான் வெல்வான் என்று எங்கள் கடையில் வைத்துச் சொன்னவன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வன்னியிலிருந்து வந்து கொழும்பில் கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். கொலன்னாவையில் லொறி கழுவினேன். மூன்றாம் நாள் ஐ.சி.யை, அடையாள அட்டையை, கேட்டு வாங்கி, பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு வரவேண்டாம் என்றார்கள். பிறகு புறக்கோட்டையில் வெங்காய மூட்டை தூக்கினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் ஆறு பேர் படுத்தோம். அதில் ஒருவன் ஒரு காலை பாண் வாங்கப் போகும்போது ஐ.சி.யை மற்றச் சட்டையில் விட்டுவிட்டுப் போனான். வழியில் ஆமி பிடித்தது, நாலு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு இடது காது கேட்கவில்லை. அவனைப் பார்த்த பிறகு நான் குளிக்கப் போகும்போதும் ஐ.சி.யைப் பொலித்தீனில் சுற்றிக் கூடவே கொண்டுபோவேன்.

கேம் வந்த சனிக்கிழமை காலை நானும் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் என் நண்பனும் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினோம். வழியில் கொள்ளுப்பிட்டியில் ஆமிக்காரர்கள் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அவன் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவன், அவனுடைய ஐ.சி.யைப் பார்த்த கையோடு திருப்பித் தந்தார்கள். என்னுடையதை இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். "எங்கே போறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். கேம் விளையாட என்றேன். அதில் ஒருவன் சிரித்துவிட்டான். விட்டார்கள்.

கடைக்குள் பத்துப் பேர் நிற்கும் இடத்தில் முப்பது பேர் நின்றார்கள். கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்த ஆட்டம் யாருக்கு என்பதற்கு மற்றக் கடைகளில் பெட்டியின் மேல் காசை வைப்பார்கள். எல்லாக் காசும் ஒரே மாதிரி இருப்பதால் இது என்னுடையது உன்னுடையது என்று அடிபாடு வரும். ஆகவே நானா காசை நிறுத்திவிட்டு ஐ.சி.யை வைக்கச் சொன்னார். பெட்டிக்கு மேலே ஒரு பிஸ்கட் தகரம். வந்த வரிசைப்படி ஐ.சி.களை அதில் அடுக்கினார்கள். தோற்றவன் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போவான், வென்றவன் நிற்பான். ஐ.சி.யில் படம் இருக்கிறபடியால் ஒருவரும் பொய் சொல்ல முடியாது.

"கார்ட வெச்சிட்டு நில்லுங்கோ வாப்பா," என்றார் நானா. "கார்ட வுட்டுட்டு எவனும் ஓடமாட்டான்."

அதை ஒரு கெட்டித்தனமாகத்தான் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. வைத்தேன். நண்பன் விளையாட வரவில்லை, பார்க்கத்தான் வந்தான், அவன் வைக்கவில்லை.

திரையில் முழங்கை வந்தபோது நண்பன் விசிலடித்தான். நீட்டுக்கால் வந்தபோது கடை முழுக்கக் கத்தியது. முதல் உதை விழுந்ததும் சத்தம் அப்படியே அடங்கியது. உதை எட்டவில்லை.

"டேய், காலைப் பாரடா. வெட்டிப்போட்டாங்கள்."

"கட்டையாத்தான் கிடக்கு."

"ரெண்டு கொம்பனி சேர்ந்தா இப்பிடித்தான். அவங்கட ஆளைப் பெரிசாக்க எங்கட ஆளைக் குறைச்சிட்டாங்கள்."

ஒருவன் உண்மையாகவே கண் கலங்கிப்போய் வாசலில் நின்றான். செத்த வீட்டில் நிற்கிறவன் மாதிரி.

"கால் குறையல்ல மச்சான்," என்று நண்பன் உரத்துச் சொன்னான். "எங்க ஆளுக்குப் பக்கத்துல நின்னா எல்லாரும் கட்டைதான்."

இரண்டு பேர் திரும்பி அவன் கழுத்தைப் பிடித்தார்கள். நானா ஸ்டூலிலிருந்து இறங்கி விலக்கினார். அப்போது பெட்டிக்கு முன்னால் நின்றவன் திரும்பினான். நெட்டையன், என் வயதுதான், இஸ்திரி போட்ட சட்டை. அன்று காலையிலிருந்து அவன்தான் தோற்காமல் நின்றான்.

"கொட்டாஞ்சேனை கத்துறதுக்கு மட்டும்தானோ? விளையாட ஆள் கொண்டு வரேல்லையோ?"

நண்பன் என்னை முன்னுக்குத் தள்ளினான். எனக்கு முன் இருந்தவர்களும் விலகினார்கள். எல்லோருக்கும் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நான் முழங்கையை எடுத்தேன். அவன் நீட்டுக்காலை எடுத்தான். முதல் சுற்றை அவன் வென்றான், சுத்தமாக. இரண்டாம் சுற்றில் அவனைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோய்க் கீழ்க்காலில் உதைத்தேன். திரும்பவும் உதைத்தேன். மூலையில் அகப்பட்டவன் எழும்ப முன்னம் அடுத்த உதை விழும், எழும்பவே முடியாது. கொட்டாஞ்சேனையில் இப்படித்தான் ஆடுவோம். வெள்ளவத்தையில் மூன்று உதைக்கு மேல் உதைக்கக் கூடாது, பின்னுக்கு வந்து அவன் எழும்ப இடம் விட வேண்டும். இது எனக்குத் தெரியாது.

"விடு," என்றான்.

நான் விடவில்லை. இரண்டாம் சுற்று எனக்கு. மூன்றாம் சுற்றும் மூலையில்தான்.

"விடடா! மானமில்லையோ உனக்கு? வன்னிக் காட்டில இதுதான் பழக்கினவங்களோ?"

என் பேச்சை வைத்துப் பிடித்திருக்கிறான். நான் பட்டனை அமத்திக்கொண்டே இருந்தேன். அவன் என் கையைப் பிடித்துத் தட்டினான். என் முழங்கை அவன் வாயில் பட்டது. வேண்டுமென்றுதான் அடித்தேன். மூட்டை தூக்குகிற கை; முன்பல் ஒன்று அவன் சட்டையில் விழுந்ததைக் கண்டேன்.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்டூல் ஒன்று என் முதுகில் உடைந்தது. நண்பன் ஒருவனின் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். கண் கலங்கி நின்றவன் கண்ணாடிப் போத்தலோடு உள்ளே பாய்ந்தான். நெட்டையன் என் மயிரைப் பிடித்து முகத்தைப் பெட்டியில் அடித்தான். திரைக்கு மேலிருந்த கண்ணாடி உடைந்தது. பிஸ்கட் தகரம் கீழே விழுந்து ஐ.சி.கள் இரத்தத்திலும் கண்ணாடித் துண்டுகளிலும் பரந்தன. நான் அவனைக் கீழே விழுத்தி வயிற்றில் முழங்காலை ஊன்றினேன். அவன் என் விரலைக் கடித்தான்.

"ஆமி! ஆமி வாறான்!" என்று வாசலில் ஒருவன் கத்தினான்.

எல்லோரும் ஒரே நேரத்தில் நிலத்தில் விழுந்தார்கள். இவ்வளவு நேரமும் அடிபட்டவர்கள் இப்போது பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளில் நின்று படத்தைப் பார்த்துத் தங்கள் ஐ.சி.யைத் தேடினார்கள். "இது உன்ர, பிடி," என்று ஒருவன் தான் உடைத்த தலைக்காரனிடம் கொடுத்தான். எடுத்தவர்கள் பின்கதவால் தண்டவாளப் பக்கம் ஓடினார்கள். நண்பனும் ஓடினான். நானும் நெட்டையனும் ஒருவரை ஒருவர் விட்டால்தானே தேடலாம். விட்டபோது முன்கதவில் ஆமிச் சப்பாத்துகள் நின்றன. நிலத்தில் இரண்டு ஐ.சி. மட்டும் கிடந்தது. அதிகாரி குனிந்து இரண்டையும் எடுத்தார்.

காது கேட்காமல் போனவன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

அதிகாரி படங்களையும் எங்கள் முகங்களையும் பார்த்தார். பிறந்த இடத்தை வாய்விட்டு வாசித்தார். என்னுடையது கிளிநொச்சி, அவனுடையது யாழ்ப்பாணம். நானா ஓடிவந்து, "சேர், இது சும்மா கேம் சண்டை, ரெண்டும் நல்ல புள்ளைகள்," என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி திரும்பாமலே புறங்கையால் அவருக்கு ஒன்று கொடுத்தார். நானாவின் தொப்பி பறந்தது.

கண்ணாடி உடைந்தாலும் திரை வேலை செய்துகொண்டிருந்தது. காசு போடாத நேரத்தில் அது தன்பாட்டில் ஆடிக் காட்டும். முழங்கையும் நீட்டுக்காலும் அடிபட்டார்கள். அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதைப் பார்க்கவா இவ்வளவு பேர் வந்தீர்கள் என்று கேட்டார். பிறகு இரண்டு ஐ.சி.யையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார். வெல்கிறவனுக்கு அவனுடைய ஐ.சி., தோற்கிறவன் ட்ரக்கில் ஏற வேண்டும் என்றார்.

"கஹப்பாங்," என்றார். அடி என்று.

கூட வந்த நாலு பேரும் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்தார்கள். நாங்கள் அடித்தோம். நான் அவன் நெஞ்சில் குத்தினேன். அவன் என் காதில் அடித்தான். மெதுவாக அடித்தபோது ஆமிக்காரன் ஒருவன் துவக்குப் பிடியால் என் இடுப்பில் இடித்தான். பிறகு மெதுவாக அடிக்கவில்லை. நெட்டையனுடைய வாயிலிருந்து வந்த இரத்தம் என் கண்ணுக்குள் போனது. அவன் என் கழுத்தைக் கட்டிப் பிடித்து, முகத்தை என் தோளில் வைத்துத் தமிழில் முணுமுணுத்தான்.

"ரெண்டு பேரும் ஒண்டா விழுவம். ஆரும் வெல்லாட்டி இவங்கள் என்ன செய்யிறது? மூண்டு எண்ணுறன். ஓமோ?"

கேமில் அப்படி நடக்கும். இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தால் ஒருவருக்கும் வெற்றி இல்லை, ஆட்டம் திரும்பத் தொடங்கும்.

"ஓம்," என்றேன்.

விலகி நின்றோம். அவன் உதடு ஒன்று, இரண்டு என்று அசைந்தது. மூன்றுக்கு இரண்டு பேரும் கையை வீசினோம். என் அடி அவன் தாடையில் பட்டது. அவன் அடி என் காதோடு உரசிக்கொண்டு போனது. அதைக் கொஞ்சம் விலத்தித்தான் வீசினான் என்று நினைக்கிறேன். அவன் மரம் மாதிரி விழுந்தான்.

நான் நின்றேன். முழங்கால் மடங்கவில்லை என்று எழுதலாம்தான். மடங்காமல் இல்லை, நான் மடக்கவில்லை. அதிகாரியின் கையில் என் ஐ.சி. இருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுவரோடு நின்றவர்கள் கைதட்டினார்கள். அதிகாரி என் ஐ.சி.யை என் சட்டைப் பைக்குள் தானே வைத்து, பையைத் தட்டிவிட்டார். நெட்டையன் நிலத்தில் கிடந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் வாய் முழுக்க இரத்தம். அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் காலிலிருந்து சப்பாத்து ஒன்று கழன்று வாசலில் கிடந்தது. நானா அதை எடுத்துக்கொண்டு ட்ரக்குக்குப் பின்னால் ஓடினார்.

நண்பன் காலிக்குப் போகும் பெரிய வீதியில் பஸ் தரிப்பில் காத்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நல்லா வாங்கிக்கிட்ட போல. சரி, சொல்லு மச்சான். மூணாவது சுத்து யாருக்கு?"

"முடியேல்ல."

"மூலையில வெச்சிருந்தியே. நமக்குத்தான் அது. கடையில போய் அப்பிடித்தான் சொல்லணும்."

பஸ்ஸில் முழுவதும் அதைத்தான் பேசினான். நீட்டுக்காலின் கால் குறைந்தது உண்மையா, முழங்கையின் அடிக்குப் பழைய பலம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டான். நானும் பதில் சொன்னேன். பலம் கொஞ்சம் குறைவுதான் என்றேன். கொள்ளுப்பிட்டியில் திரும்பவும் இறக்கினார்கள். ஐ.சி.யில் இருந்த இரத்தத்தை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். காலையில் சிரித்தவன்தான் நின்றான். என் வீங்கிய முகத்தைப் பார்த்து, தோற்றுவிட்டாயா என்று கேட்டான். வென்றேன் என்றேன்.

நெட்டையன் வெளியில் வர ஒன்றரை மாதம் ஆனது. வந்த கையோடு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு, பொல்லுகளோடு கொட்டாஞ்சேனைக்கு என்னைத் தேடி வந்ததாக நண்பன் பிறகு சொன்னான். முழங்கையின் ஆட்களும் விடவில்லையாம், இரண்டு பேருக்குக் கை முறிந்ததாம். தாங்கள் எதற்காக அடிபடுகிறோம் என்று எங்கள் கடை ஆட்களுக்குத் தெரியாது. கேமுக்காக என்றுதான் நினைத்தார்கள். ஆமிக்கு முன்னால் நடந்ததை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த நேரம் நான் கொழும்பில் இல்லை. ட்ரக் போன மறுகிழமையே புத்தளத்துக்கு உப்பு ஏற்றப் போகும் லொறியொன்றில் ஏறிவிட்டேன். வழியில் நாலு இடத்தில் மறித்தார்கள். நாலு இடத்திலும் ஐ.சி.யைக் கொடுத்தேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.