லேபிள் வெட்டிய பாட்டு

தை மாதம் ஒரு பாட்டு சிடி வெளியீட்டு விழாவுக்கு வாழ்த்துரை வழங்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள சம்பந்தம் பாத்ரூம் குழாயைத் திறந்ததும் தொடங்கும். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் முடிந்துவிடும். பிறகு ஏன் கூப்பிட்டார்கள்? பத்திரிகையில் எழுதுகிறவர் ஒருவர் மேடையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பூந்தொட்டி வைப்பதில்லையா, அந்தக் கணக்கில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பாடகி எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்.

பெயர் ரோஸ்லின். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். பகலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பனியனில் ஓட்டை, கறை, தையல் பிசகு இருந்தால் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவது வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஆர்க்கெஸ்ட்ராவில் ராப் பாடகி. சினிமாப் பாட்டுக்கு நடுவே மூச்சு விடாமல் கடகடவென்று ஒரு பகுதி வருமே... இந்த வட்டாரத்தில் அதைப் பெண் குரலில் பாட ரோஸ்லினை விட்டால் ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் பாட ஆரம்பித்தவர். இப்போது அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

அவிநாசி முதல் தாராபுரம் வரை இவர் ஏறாத மேடை இல்லை. ஊர் கொடுத்த பட்டம்: 'வேகமாத் திட்டற அக்கா'.

அடக்கமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டாமல் கத்தரிக்காய் வாங்கக்கூடப் போகமாட்டார். எந்தப் பாட்டானாலும், "ரோஸ்லின் வந்தாச்சு... ஒதுங்கு!" என்று முதலில் தன் வருகையை அறிவித்த பிறகுதான் மற்றதெல்லாம். துணி காயப்போடும்போது மொட்டை மாடியில் ஒத்திகை நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் அதைச் சண்டை என்று நினைத்துச் சமாதானம் பண்ண வந்தார்கள். இப்போது அவர்களும் தாளம் போடுகிறார்கள்.

இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது எப்படி ஆல்பம் வந்தது? எல்லாம் ஒரு வெள்ளைக்காரரின் கருணை.

போன ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ரோஸ்லின் பாடினார். முதலாளி குப்புசாமி அண்ணன் வழக்கம்போல முன் வரிசையில் உட்கார்ந்து செல்போனில் நூல் விலை பேசிக்கொண்டிருந்தார். சரக்கு ஆர்டர் கொடுக்க வந்திருந்த வெளிநாட்டு பையர் ஒருவர் திடீரென்று எழுந்து நின்று கை தட்டினார். "ராப்! வெரி குட்!" என்றார். அண்ணன் செல்போனை அணைத்தார். தன் கம்பெனியில் ஒரு கலைஞர் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு மூக்கு அழகு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால்தானே நாம் மூக்கைப் பார்க்கிறோம்?

ஆல்பம் போட அண்ணன் முடிவு செய்தார். பையர் அடுத்த முறை வரும்போது வெளியீடு. வருகிற பையர்களுக்கெல்லாம் அன்பளிப்பாக ஒரு சிடி. கோயமுத்தூரில் ஸ்டுடியோ பிடித்தார்கள். பாட்டுகளின் தலைப்பையும் அண்ணனே கொடுத்தார். முருகன் மேல் ஒன்று, மழைநீர் சேகரிப்பு ஒன்று, ஹெல்மெட் ஒன்று, கம்பெனியின் தரத்தைப் பற்றி... வேண்டிய மட்டும். ரோஸ்லின் எல்லாவற்றையும் பாடினார். கடைசியாகத் தானே எழுதிய ஒன்றையும் பாடிவிட்டு வந்தார். 'கறுப்பு பார்டர்' என்று பெயர்.

திருப்பூரில் எந்தச் சரக்கும் அப்ரூவல் இல்லாமல் நகராது. பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா? பையரோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் பையனிடம் பாட்டுகள் போயின. அவன் பனியன் சாம்பிளுக்கு எழுதுவதுபோலவே எழுதி அனுப்பினான். முதல் பாட்டு ஓகே. இரண்டாவது பாட்டில் குரல் கொஞ்சம் டார்க், முதல் பாட்டோடு மேட்ச் பண்ணவும். ஹெல்மெட் பாட்டு நீளம் அதிகம், குறைக்கவும். 'கறுப்பு பார்டர்' — ரிஜெக்ட்.

காரணம் சொல்ல அண்ணனே அழைப்பிதழோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அழைப்பிதழில் 'திருமதி எம்.சி. ரோஸ்லின்' என்று அடித்திருந்தார்கள். எம்.சி. என்பது ராப் பாடகர்கள் சூட்டிக்கொள்கிற பட்டம். அண்ணன் அதை இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு, "எம்முன்னா அப்பா பேருங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், நீங்களே சொல்லுங்க. பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா செக்கிங்ல நின்னு நின்னு கண்ணு போச்சுன்னு பாடுனா, பையர் என்னங்க நெனைப்பான்? தொழிலாளிங்களை எப்படி வெச்சிருக்கோம்னு நாளைக்கே ஆடிட்டுக்கு ஆள் அனுப்பிச்சுருவானுங்க."

"அவருக்குத்தான் தமிழ் தெரியாதே அண்ணா?"

"தெரியாதுங்க. கூட வர்றவனுக்குத் தெரியுமுங்களே."

ரோஸ்லின் மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றார். "மொதலாளி, இந்த சிடியில நான் எழுதுன பாட்டு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீங்க சொன்னிய, நான் கத்துனேன். அது இல்லன்னா எனக்கு ஆல்பமே வேண்டாம்."

"அடுத்த ஆல்பத்துல போட்டுக்கலாம் அம்மிணி," என்றார் அண்ணன். 'அடுத்த' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு நம் நாட்டில் ஒரு சிலை வைக்க வேண்டும்.

ஒரு வாரம் மொட்டை மாடியில் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், "அக்காவுக்கு உடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். பிறகு ஒருநாள் ரோஸ்லின் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அடுப்பு மேடைமேல் வைத்தார்.

"எக்கா, சரின்னு சொல்லிட்டேன். இத்தன வருசமா அடுத்தவ பாட்டுக்கு நடுவுலதான கத்திட்டுக் கெடந்தேன்? எம் மூஞ்சி போட்டு ஒரு சிடி வருது. ஊருல அம்மைக்கு அனுப்பணும். போய்த் தொலையுதுன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேலா, ரோஸ்லின் மேலா என்று தெரியவில்லை. கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பார்த்தபோது, பாட்டின் முதல் இரண்டு வரி தானாக ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளை லைட்டு, வெள்ளை பனியன், வெள்ளைக்காரன் ஆர்டரு...
வெறிச்சுப் பாத்த எங்கண்ணுக்கு மட்டும் கறுப்பு பார்டரு!

காபி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் கோலாகலமாக நடந்தது. வாசலில் பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ். அதில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கைக்குக் கீழே, தபால்தலை சைஸில், ரோஸ்லின். சிடி அட்டையிலும் அதே ஏற்பாடுதான். முதல் ஒரு மணி நேரம் மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பேச்சு. ராப் என்பதே நம் முன்னோர் பாடியதுதான் என்று ஒருவர் நிரூபித்தார். "நம்ம ஊட்டுப் பொம்பளைங்க எல்லாருமே ராப் பாடகிங்கதானுங்களே!" என்று இன்னொருவர் சொல்ல, மண்டபமே அதிர்ந்தது. நானும் என் பங்குக்கு இசைக்கு மொழியில்லை என்று சொல்லிவைத்தேன். ராப்பில் மொழியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள்.

பையர் முதல் பிரதியை வாங்கி, பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார். நேரமின்மை காரணமாகப் பாடகி ஒரே ஒரு பாட்டு பாடுவார் என்று அறிவித்தார்கள். மழைநீர் சேகரிப்பு. அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டதால், ரோஸ்லின் நாற்காலிகளுக்கு மழைநீரின் அருமையை எடுத்துச் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

திருப்பூரில் ஒரு தர்மம் உண்டு. பையர் வேண்டாம் என்று தள்ளிய சரக்கை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். கம்பெனி லேபிளை வெட்டி எடுத்துவிட்டு, மொத்தமாக லாட் பேசி, காதர்பேட்டைக் கடைகளுக்குத் தள்ளிவிடுவார்கள். அண்ணன் பரம்பரைச் சிக்கனக்காரர். ஸ்டுடியோவுக்குக் காசு கொடுத்துப் பதிவு செய்த பாட்டை வீணாக்க மனசு வருமா? தன்னிடம் வழக்கமாக ரிஜெக்ட் டி-ஷர்ட் எடுக்கிற வியாபாரியிடம் 'கறுப்பு பார்டரை'யும் சேர்த்துத் தள்ளிவிட்டார். வியாபாரி அதைத் தனி சிடியாகப் போட்டு, மூன்று டி-ஷர்ட் எடுத்தால் சிடி இலவசம் என்று பலகை வைத்தார்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளில் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். மினி பஸ்ஸில் அதுதான். டீக்கடையில் அதுதான். எங்கள் தெருவில் மீன் விற்க வருகிறவரின் செல்போன் மணியும் அதுதான். பையர்களுக்குக் கொடுத்த ஆல்பம் எந்த நாட்டில் எந்த மேஜைக்கு முட்டுக் கொடுக்கிறதோ, யார் கண்டது?

ரோஸ்லின் அதை முதலில் மினி பஸ்ஸில் கேட்டார். தன் குரல்தான். தன் வரிகள்தான். ஆனால் "ரோஸ்லின் வந்தாச்சு" மட்டும் இல்லை. சுத்தமாக நறுக்கியிருந்தார்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு நேரே அண்ணனின் ஆபீசுக்குப் போனார்.

அண்ணன் துளிக்கூடப் பதறவில்லை. "லேபிள் வெட்டித்தானுங்க சரக்கு வெளிய போவோணும். அதுதானுங்களே மொற?"

"எம் பேரு லேபிளா மொதலாளி?"

"அட, கோவிச்சுக்காத அம்மிணி. செகண்ட்ஸ் சரக்குல பேர வெச்சா பிராண்டு கெட்டுப் போயிருமல்ல? உம் பேரக் காப்பாத்தத்தான வெட்டச் சொன்னேன்!"

"வெளிநாட்டுக்காரர் கேட்டுடுவார்னுதானே அண்ணா இந்தப் பாட்டை வேண்டாம்னீங்க?" என்று நான் குறுக்கே புகுந்தேன். "இப்போ ஊரே கேட்குதே?"

"உள்ளூர்ல கேட்டா என்னங்க மேடம்?" என்றார் அண்ணன், நிஜமாகவே புரியாமல். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மங்கலம் பக்கம் ஒரு மாரியம்மன் கோவில் விசேஷம். சாயங்காலம் ஆர்க்கெஸ்ட்ரா. ரோஸ்லின் என்னையும் அழைத்துப் போனார். நான் கூட்டத்தில் நாற்காலி பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் பொரிப் பொட்டலம். நாலைந்து பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து கத்தினார்கள்: "கறுப்பு பார்டர்! கறுப்பு பார்டர்!"

அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "சென்னையைச் சேர்ந்த ஒரு இளம் பாடகி பாடி, நம்ம ஊரையே கலக்கிட்டிருக்கிற பாட்டு. இப்ப நம்ம ரோஸ்லின் அக்கா அத முயற்சி பண்ணிப் பாப்பாங்க!"

சென்னையா? இளம் பாடகியா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ரோஸ்லின் அறிவிப்பாளரை ஒரு பார்வை பார்த்தார். கறுப்புக் கண்ணாடி வழியாகவே அது தெரிந்தது. பிறகு மைக்கை வாங்கி, "ரோஸ்லின் வந்தாச்சு... ஒதுங்கு!" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் மூச்சு விட்டதை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரியும் அடிவயிற்றிலிருந்து வந்தது. இதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கை தட்டினார்கள். சுமாராக.

பெரியவர் என் பக்கம் சாய்ந்தார். "நல்லாத்தானுங்க பாடுது இந்தக்கா. ஆனா ஒரிஜினல் மாதிரி வரலீங்க. அந்தப் புள்ளை கொரல்ல ஒரு இது இருக்குமுங்க. அதுவுமில்லாம, மொதல்ல என்னமோ தம் பேர வேற சேத்துப் பாடிக்குது, பாத்தீங்களா?"

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றே கத்தினேன். "ஏங்க, அந்த ஒரிஜினலே இவங்கதாங்க! எழுதினது இவங்க! பாடினதும் இவங்க!"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொங்கு நாட்டுக்காரர், மரியாதை தெரிந்தவர். என் கையில் ஒரு பிடி பொரியை வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"நீங்க அவங்களுக்குச் சொந்தமுங்களா?"

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆசிரியர் அவர்களுக்கு: இடம் போதவில்லை என்றால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், ரோஸ்லின் என்ற பெயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.